முள் பூஜ்யத்தில் நிற்கிறது

முள் பூஜ்யத்தில் நிற்கிறது. நிற்கட்டும், மீட்டர் சொல்லிவிட்டால் நான் நம்பிவிட வேண்டுமா என்ன. மெயினை இறக்கியாகிவிட்டது, பிளக்கைப் பிடுங்கி என் கண்ணில் படுகிற இடத்தில் போட்டாயிற்று, டிரான்ஸ்பார்மரின் முனகல் அடங்கிவிட்டது, இடது கை முதுகுக்குப் பின்னால் மடங்கிக்கொண்டுவிட்டது, அதை நான் சொல்ல வேண்டியதே இல்லை, இந்த அறைக்குள் கால் வைத்தாலே அது தன் இடத்துக்குப் போய்விடும். எல்லாம் சரி. எர்த் கோல் எங்கே? கோல் தொங்க வேண்டிய ஆணியில் செவ்வந்தி மாலை தொங்குகிறது. மாலைக்குப் பின்னால் கோல் இருக்கும் என்று காலையில் நினைத்துக்கொண்டேன் போலிருக்கிறது, இப்போது உற்றுப் பார்த்தால் மாலைக்குப் பின்னால் வெறும் சுவர். அம்சவேணி, உனக்கு இன்றைக்கென்று கண் அவிந்து போயிற்றா. வாசலுக்கு வெளியே, நான் தரையில் அடித்த சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம், சனம் நிற்கிறது. முன்னால் என் வீட்டுக்காரர் சென்னியப்பன், அவருக்குப் பக்கத்தில் அவருடைய அக்கா மயிலாத்தாள், அக்காவின் புருஷன், பிறகு எங்கள் தறி ஓட்டுகிறவர்கள், அக்கம்பக்கத்துக்காரர்கள். விஜயதசமிக் காலையில் தறிகளுக்குக் கற்பூரம் காட்டி மறுபடி ஓட விட்ட கையோடு நேராக இந்தக் கோடி அறைக்கு வந்துவிட்டார்கள், நான் செய்த மின்னலைப் பார்க்க. ஆமாம், மின்னல். வீட்டுக் கரண்டை வாங்கி டிரான்ஸ்பார்மர் பல்லாயிரம் வோல்ட்டாக ஏற்றிக் கொடுக்கும், அதைக் கப்பாசிட்டர் வரிசை வாங்கி வாங்கிச் சேர்த்து வைக்கும், நிரம்பியதும் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து இரண்டு பித்தளைக் குண்டுகளுக்கு நடுவே ஒரே தாவாகத் தாவும். பூக்காரி முழம் போடுகிற மாதிரி கையால் அளந்து காட்டலாம், அத்தனை நீளம். பல்லடம் பக்கத்தில் வேறு எவர் வீட்டிலாவது இப்படி ஒன்று இருந்தால் வந்து காட்டட்டும். ஆனால் இன்றைக்கு அது தாவவில்லை. முனகல் ஏறியது, ஏறியது, பிறகு தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு சொய்ங், குண்டுகளைத் தாங்கிக் கரண்டைத் தடுத்து நிற்கிற பீங்கானின் பின்புறத்திலிருந்து நீலமாக என்னமோ ஊர்ந்து வந்தது, டிரிப் ஆகிவிட்டது. ஒரு வாசனை. கருகின சந்தனத்தின் வாசனை.

சந்தனம். பார்த்துவிட்டேன், இந்தப் பக்கமாகத் தலையைச் சாய்த்தால் தெரிகிறது. பீங்கானின் முதுகில் மூன்று விரலால் இழுத்த சந்தனம், நடுவில் குங்குமம், அதன் குறுக்கே கறுப்பாக ஒரு கோடு, கரண்டு நடந்து போன தடம். ஆயுத பூஜைக்கு என் வீட்டுக்காரர் முன்பக்கம் வைத்திருந்ததையெல்லாம் காலையில் அவர் பார்க்காத நேரமாகப் பார்த்துத் துணியால் துடைத்து எடுத்துவிட்டேன், அவர் மனசு நோகக் கூடாதே என்று திருட்டுத்தனமாகத் துடைத்தேன். ஆனால் தறிக்காரர் அல்லவா, தறிக்கு எப்படிப் பொட்டு வைப்பாரோ அப்படியே வைத்திருக்கிறார், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று. தறிக்கு முதுகில் வைக்காமல் விட்டால் தறி கோபித்துக்கொள்ளும் என்று அவர் அப்பா காலத்திலிருந்து ஒரு நம்பிக்கை. இது எனக்குத் தெரியும், வருஷா வருஷம் சந்தனம் கரைத்துக் கொடுத்தவளே நான்தான், எனக்குத் தெரிந்தும் பின்னால் எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. ஈரச் சந்தனத்தைப் பீங்கானில் தடவினால் பீங்கான் எதற்கு. ஆனால் அவர்மேல் கோபம் வருகிறதா என்று தேடிப் பார்க்கிறேன், வரமாட்டேன் என்கிறது. நேற்று ஆயுத பூஜைக்கு அவர் இந்த அறைக்குள் வந்தாரே, அதுவே பெரிது. நான் கரண்டில் அடிபட்டுக் கீழே கிடந்ததைப் பார்த்த நாளிலிருந்து இந்த வாசப்படியை அவர் மிதிக்கவில்லை. சாப்பிடக் கூப்பிடுவதென்றால்கூட முற்றத்தில் நின்று சத்தம் போடுவார். பள்ளிக்கூடத்தில் செடி கொடி பாடம் எடுக்கிறவளுக்கு இடி மின்னல் எதற்கு என்று ஊரே கேட்டபோது அவரும் ஊரோடு சேர்ந்து கேட்டார். எர்த்துக்குப் பள்ளம் தோண்டி உப்பும் கரியும் கொட்டி, அந்த உப்பில் கொல்லையில் நின்ற கறிவேப்பிலை பட்டுப்போனபோது, "தாவரவியல் டீச்சர் ஊட்ல கறிவேப்பிலைய வெலைக்கு வாங்க வேண்டியதாப் போச்சு" என்று தறிக்காரர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்த மனிதர் நேற்று சந்தனக் கிண்ணத்தோடு வந்து, கோட்டுக்கு வெளியே செருப்பை விட்டுவிட்டு, "எந்தெந்த எடத்துல வெக்கோணும்" என்று கேட்காமல்கூட, நான் பொரிகடலை எடுக்க உள்ளே போயிருந்த நேரத்தில் எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால், என் மிஷினும் இந்த வீட்டு ஆயுதங்களில் ஒன்றாகிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில்தான் பின்னால் எட்டிப் பார்க்கவில்லை, வேறென்ன.

முள் இன்னும் பூஜ்யத்தில்தான். வெளியே மயிலாத்தாள் கேட்கிறாள், "என்ன சென்னி, கரண்டு போயிருச்சா?" அவர் சொல்கிறார், "சித்த இரு அக்கா, அவ பாத்துட்டு இருக்கறா." அவ பாத்துட்டு இருக்கறா. என்ன நம்பிக்கை அந்தக் குரலில். நான் பார்த்துக்கொண்டு இல்லை, நின்றுகொண்டிருக்கிறேன், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில். மோட்டாரை நிறுத்தினால் மாடித் தொட்டியில் தண்ணீர் காலியாகிவிடுமா? அது மாதிரிதான் கப்பாசிட்டர். பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே ஏறினது உள்ளேயே இருக்கும், சத்தமில்லாமல், சூடில்லாமல், பார்வைக்கு ஊறுகாய் டப்பா மாதிரி உட்கார்ந்திருக்கும். அது தானாக வடிந்து போகட்டும் என்று ஒரு தடம் போட்டிருக்கிறேன், அந்தத் தடத்திலேயேதான் இந்த முள்ளும். வடிய வடிய முள் இறங்கும். முள் பூஜ்யத்துக்கு வந்தால் வடிந்துவிட்டது என்று அர்த்தம். அல்லது தடமே அறுந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டுக்கும் இந்த முள் ஒரே மூஞ்சியைத்தான் காட்டும், கள்ளி. அறுந்திருந்தால் வடிந்தும் இருக்காது. நான் அடிபட்ட அன்றைக்கும் இப்படித்தான் பூஜ்யம். முள்ளைப் பார்த்தேன், தொட்டேன், அப்புறம் கூரை ஓடு தெரிந்தது. வலி என்று சொல்ல முடியாது, யாரோ உள்ளே இருந்து என்னை உதறிப் போட்ட மாதிரி, வாயில் இரும்பு ருசி, தோள்பட்டை என்னுடையது இல்லை. அப்புறம் அவர் முகம். அழுகிறாரா திட்டுகிறாரா என்று தெரியாத முகம். தொட்டது ஒரு கையாக இருந்ததால் பிழைத்தாய் என்று டாக்டர் சொன்னார், இரண்டு கையாலும் தொட்டிருந்தால் நெஞ்சைக் கடந்து போயிருக்குமாம். அதற்குப் பிறகுதான் கோல் வந்தது. நீளமான பிளாஸ்டிக் குழாய், நுனியில் செம்புக் கொக்கி, கொக்கியிலிருந்து ஒரு கம்பி, கம்பியின் மறுமுனை பட்டுப்போன கறிவேப்பிலைப் பள்ளத்து எர்த்தில். கை தொடுவதற்கு முன்னால் கோல் தொட வேண்டும். இந்த அறையில் நான் நம்புகிறது அது ஒன்றைத்தான், சாமி படம்கூட அடுத்தபடி. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. மின்னல் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கலாம், அடுத்த நாளும் மறுபடி செய்கிறவர்களில் நான் ஒருத்தி.

இருதயராஜ். இப்போது எதற்கு அவர் ஞாபகம். என்னை மாதிரி வீட்டில் மின்னல் செய்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை வணக்கம் போடுகிறவர், நாகர்கோவில்காரர், மரப்பலகையில் கரண்டைப் பாய்ச்சி வேர் படர்ந்த மாதிரி கோலம் வரைவார். பழைய மைக்ரோவேவ் ஓவனைப் பிரித்து அதிலிருந்த டிரான்ஸ்பார்மரை எடுத்து வைத்துக்கொண்டு. வேண்டாம் அண்ணாச்சி, அந்த டிரான்ஸ்பார்மர் எச்சரிக்கைகூடக் கொடுக்காது, பிடித்தால் விடாது, அந்த வேலையை மட்டும் விட்டுவிடுங்கள் என்று நான் எழுதினேன். "டீச்சர் ரொம்ப பயப்படுதீய" என்று குரல் செய்தி அனுப்பினார், பின்னால் கோழி கத்திக்கொண்டிருந்தது. நான் கோபித்துக்கொண்டேன், பயப்படுகிறவள் நானா என்று. அவர் நம்பரிலிருந்து கடைசியாக வந்த செய்தியை அவர் மனைவி போட்டிருந்தாள், இனி இந்த நம்பருக்குக் காலை வணக்கம் அனுப்ப வேண்டாம் என்று, அவ்வளவுதான். அவர் படமாக வைத்திருந்த அந்தப் பலகை இன்னும் குழுவில் இருக்கிறது, யாரும் அவரை நீக்கவில்லை. நல்ல கை அவருக்கு. அந்தக் கோழிச் சத்தத்தை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. சரி, இப்போது கோழி வேண்டாம், கோலைப் பார். கோல் எங்கே போயிருக்கும். திருப்புளி, குறடு எல்லாம் நேற்று அவர்தான் தாம்பாளத்தில் அடுக்கி பூஜை அறைக்கு எடுத்துப் போனார், காலையில் நான் தாம்பாளத்தோடு எடுத்து வந்தேன். தாம்பாளத்தில் கோல் கொள்ளாது. கொள்ளாததால்... ஆமாம். சாமி படத்துக்குப் பின்னால் மூலையில், வாழைக்கன்றுக்கு அண்டையில் ஒரு கழி சாத்தியிருந்தது. கற்பூரம் காட்டும்போது பார்த்தேன், நுனியில் குங்குமம் வைத்த கழி, தோரணம் கட்ட வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். கொக்கியை வாழையிலை மறைத்திருந்தது. என் கோலுக்குத்தான் அவர் முதல் மரியாதை செய்திருக்கிறார். அதைக் கழற்றிக்கொண்டு போய்ச் சாமி பக்கத்தில் நிறுத்தி, வெறும் ஆணியைப் பார்க்கப் பொறுக்காமல் அதற்கு ஒரு மாலையும் போட்டுவிட்டு. ஐயோ, இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்.

என்ன செய்வேன் என்பதுதான் கேள்வி. போய் எடுத்து வரலாம், ஆனால் நான் இந்த அறையை விட்டு நகர்ந்தால் மயிலாத்தாள் சும்மா இருக்க மாட்டாள், அவளுக்குப் பார்க்கிறதெல்லாம் தொட்டுத்தான் பார்க்க வேண்டும், புடவைக் கடையிலும் அப்படித்தான். இருக்கிற திருப்புளியை வைத்துத் தொட்டுவிடலாம், மரப்பிடிதான். மரப்பிடியை நம்பினவர்கள் எத்தனை பேர் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று எனக்குத் தெரியாதா. கூப்பிடலாம், கோலைக் கொண்டு வாருங்கள் என்று. கூப்பிட்டால் என்ன ஆகும்? எந்தக் கோல், அது ஏன் அங்கே போயிற்று, யார் கொண்டு போனது, எல்லாம் கேட்பாள் அவர் அக்கா. "பொட்டு வெச்சதாலதான் கெட்டுப்போச்சா, ஏஞ் சென்னி?" என்று எல்லோர் முன்னாலும் சிரிப்பாள். நேற்றுத்தான் அந்த மனுஷனுக்கு என்மேல் ஒரு பெருமை பிறந்திருக்கிறது, பிறந்த மறுநாளே அதைத் தூக்கி முற்றத்தில் போட வேண்டுமா. காலையில் நான் வளையலைக் கழற்றி, தாலிச் சங்கிலியையும் கழற்றும்போது அவர் பார்த்துக்கொண்டிருந்தார். உலோகம் ஒன்றும் உடம்பில் இருக்கக் கூடாது என்பது என் சட்டம். எப்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவர், இன்றைக்குக் கையை நீட்டினார். "குடு, நான் வெச்சிருக்கறேன்." வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மயிலாத்தாள் என் வெறுங்கழுத்து கண்ணில் பட்டதும் வாயைத் திறந்தாள், அவர் பையைத் தட்டிக் காட்டி, "இங்க இருக்குதுக்கா, பத்தரமா இருக்குது" என்றார். நல்ல நாளும் அதுவுமாக இப்படி ஒரு பதிலை அவள் எதிர்பார்க்கவில்லை. அவருக்குப் பெண்டாட்டி மிஞ்ச வேண்டும் என்பதற்காகத்தான் நான் தாலியைக் கழற்றுகிறேன், இதைப் புரிந்துகொள்ள அவருக்கு இத்தனை நாள் ஆயிற்று, ஆனால் புரிந்துகொண்டார். இப்போது நான் சத்தம் போடாமல், இந்த முள்ளை நம்பி, பின்பக்கம் கையை விட்டு அந்தச் சந்தனத்தை ஒரு துணியால் வழித்துவிட்டால் போதும். துடைக்க எவ்வளவு நேரம். மெயினைப் போட்டால் மின்னல், எல்லோரும் வாயைப் பிளப்பார்கள், ஒருவருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. முள் பூஜ்யம்தானே காட்டுகிறது. வலது கை லேசாக முன்னால் போகிறது, நான் போகச் சொன்னேனா? துணி கையில் இருக்கிறது, எப்போது எடுத்தேன். புறங்கையில் ரோமம் சிலிர்க்கிறதா, இல்லை எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா. அந்தக் கறுப்புக் கோடு எங்கே போகிறது? பீங்கானிலிருந்து கீழே இறங்கி, வளைந்து, வடிகிற தடத்தின் தலைமாட்டில் போய் முடிகிறது. அங்கேயும் கருகியிருக்கிறது. கருகியிருக்கிறதா, நிழலா. நிழல். கருகல். இங்கிருந்து தெரியவில்லை. "டீச்சர் ரொம்ப பயப்படுதீய." ஆமாம் அண்ணாச்சி, பயப்படுகிறேன். பயப்படுகிறேன் என்பதில்தான் எனக்குக் கர்வம். கையை எடு அம்சவேணி. எடுத்துவிட்டேன். துணி கீழே விழுகிறது, விழட்டும். அவருடைய பெருமை என் கை இருந்தால்தான் நாளைக்கும் இருக்கும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது, இவ்வளவு நேரம் எதை யோசித்தாய் நீ.

"ஏனுங்க!" என்று கூப்பிடுகிறேன், முற்றம் முழுக்கக் கேட்கிற மாதிரி, வகுப்பில் கடைசி பெஞ்சைக் கூப்பிடுகிற குரலில். "பூஜை ரூம்ல சாமி படத்துக்குப் பின்னால கோல் இருக்குது பாருங்க, குங்குமம் வெச்சது, அதை எடுத்துட்டு வாங்க. நீங்களே எடுத்துட்டு வரோணும், வேற ஆரும் தொடப்படாது." மயிலாத்தாள், நான் நினைத்தபடியே, "என்னவாமா சென்னி?" அதற்குள் அவருடைய செருப்பு இல்லாத கால் ஓடுகிற சத்தம். நான் முள்ளைப் பார்க்கவில்லை, அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. இந்தக் கோடி அறை வரைக்கும் தறிச் சத்தம் வருகிறது, டக்கடக் டக்கடக், அவருடைய ஆயுதங்கள் ஓடுகின்றன. வந்துவிட்டார். திரும்பிப் பார்க்கிறேன். சிவப்புக் கோட்டில் வந்து நின்றுவிட்டார், ஒரு விரல்கூடத் தாண்டவில்லை. வலது கையில் கோல், நுனியில் குங்குமம், கொக்கியில் வாழையிலைக் கிழிசல் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிடியை என் பக்கம் நீட்டுகிறார். இடது கை எங்கே? முதுகுக்குப் பின்னால். மடக்கி, வேட்டி மடிப்பில் செருகி வைத்திருக்கிறார். நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே இல்லை. இந்த அறைக்குள் வராத இத்தனை நாளும் முற்றத்தில் நின்று சத்தம் போட்டுக் கூப்பிட்ட மனுஷன் அங்கிருந்து என்ன பார்த்துக்கொண்டிருந்தார் என்று இப்போது தெரிகிறது. என் கண் கலங்குகிறது, கலங்கினால் கொக்கி சரியாகத் தெரியாது, அப்புறம் அழுதுகொள்ளலாம். நுனியை உலர்ந்த துணியால் துடைக்கிறேன், கம்பியை எர்த்தில் மாட்டி இழுத்துப் பார்க்கிறேன், முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு கோலை நீட்டுகிறேன்.

டப்.

தீபாவளி வெடியெல்லாம் ஒன்றுமே இல்லை, அறையே ஒரு தரம் வெள்ளையாகிக் காதில் விசில் அடிக்கிறது. வெளியே யாரோ கைதட்டுகிறார்கள், உடனே எல்லோரும் கைதட்டுகிறார்கள், இதுதான் நான் காட்ட வந்த மின்னல் என்று நினைத்துவிட்டார்கள். கைதட்டாதவர் ஒருவர்தான். அவருக்கு முகத்தில் ரத்தமே இல்லை. வலது கை சட்டைப் பையைப் போய்ப் பிடித்துக்கொண்டிருக்கிறது, உள்ளே சங்கிலி இருக்கிற இடத்தை. "முள்ளு பூஜ்யத்துலதான நின்னுச்சு?" என்று எனக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்கிறார். அங்கிருந்து முள்ளைக்கூடப் பார்த்திருக்கிறார். "ஆமாங்க." "அப்ப இது..." "என்ற கைக்கு வந்திருக்க வேண்டியதுங்க." அவர் கண்ணை மூடித் திறக்கிறார். நான் பயந்துவிட்டேன், மறுபடி முற்றத்துக்குப் போய்விடுவாரோ, இனி இந்தப் படியை மிதிக்கவே மாட்டாரோ என்று. "சந்தனம் வெச்சது நாந்தான்" என்கிறார். "ஆமாங்க, அடுத்த வருசம் எங்க வெக்கறதுன்னு நான் காட்டறேன்." "இன்னொருக்காத் தொடு" என்கிறார் அவர், கோலைக் கண்ணால் காட்டி. நான் சொல்ல வேண்டியதை அவர் சொல்கிறார். தொடுகிறேன். சின்னதாக ஒரு டிக். "இன்னொருக்கா." தொடுகிறேன், ஒன்றும் இல்லை. கோலை அங்கேயே கொக்கி மாட்டி விட்டுவிட்டு, இப்போதுதான், முதல் தடவையாக, பீங்கானின் முதுகுக்குக் கையைக் கொண்டுபோகிறேன். வடிகிற தடம் தலைமாட்டில் கருகி அறுந்துதான் கிடக்கிறது. "அவ்வளவுதானா சென்னி, முடிஞ்சுதா?" என்று மயிலாத்தாள் கேட்டுக்கொண்டே கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு காலை எடுத்து வைக்கப் பார்க்கிறாள். அவர் கோல் பிடித்திருந்த கையை அவளுக்குக் குறுக்கே நீட்டுகிறார், இப்போது கோல் இல்லாத வெறுங்கை. "நில்லுக்கா. என்ற பொண்டாட்டி இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. அவ சரின்னு சொல்ற வரைக்கும் இந்தக் கோட்ட ஆரும் தாண்டப்படாது." அக்காவிடம் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அதைச் சொல்லும்போதும் அவருடைய இடது கை முதுகுக்குப் பின்னால்தான் இருக்கிறது.